ஐம்பது பேப்பரும் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியும்

நான் குறை சொல்லப்போகிற சாமான் ஒரு பரீட்சை மாதிரி வினாத்தாள் பொதி. அதை என் கடையிலேயே விற்கிறேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது வந்து, "அண்ணை, நீங்கள்தானே எனக்கு இதைத் தந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். ஓம், தந்தனான்தான். இனியும் தருவேன். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடை விசுவமடுவில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம். ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு பிரிண்டர், தலையில் தட்டினால்தான் எழும்புகிற ஒரு கொம்பியூட்டர், கொப்பி, பேனை, றீலோட். உழவு மெசின்காரருக்கு மாரி தொடங்க வருமானம் தொடங்கும். எனக்குத் தைப்பொங்கல் முடிய. தரம் 5க்கு ஏறிய பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராக வருவார்கள். "ஸ்கொலசிப் பேப்பர் என்ன வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்கும்போதே முகத்தில் ஒரு பதற்றம் இருக்கும், மருந்துக்கடைக்கு வந்தவர்கள் மாதிரி.

சாமான் இதுதான்: தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் பொதி. யாழ்ப்பாணத்தில் அச்சடித்து பஸ்ஸில் பார்சலாக வரும். பதிப்பகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சித்திரக் கொப்பியும் அவர்களிடம்தான் கடனுக்கு எடுக்கிறேன். பொலித்தீன் பைக்குள் 50 வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் பகுதி ஒன்றும் இரண்டும். கூடவே ஒரு விடைப் புத்தகம். பைக்கு மேலே பட்டதாரித் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெடியன் சிரித்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் பெரிய எழுத்தில் "200க்கு 200". 2024இல் விலை 3,500 ரூபா. எனக்கு அதில் 400 நின்றது.

2024இல் என் மூத்தவள் தரம் 5. கடைக்காரன் பிள்ளைக்குக் கடைச்சரக்கு. ஒரு பொதியைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த எட்டு மாதம் அந்தப் பொதி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்தது. அதனால் இந்த விமர்சனம் அட்டையை மட்டும் பார்த்து எழுதியது இல்லை.

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. இந்தப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள். முதலாவது ஒரு மணித்தியாலம், 40 பல்தேர்வு வினாக்கள், நுண்ணறிவு என்று சொல்வோம். இரண்டாவது ஒன்றேகால் மணித்தியாலம்: தமிழ், கணிதம், சுற்றாடல், கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம். மொத்தம் 200 புள்ளி. இலங்கை முழுக்க 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பத்து வயதில், ஒரே காலையில் இருந்து எழுதுவார்கள். எந்தப் பிள்ளை ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலைக்குப் போகிறது என்பதில் பெரும்பங்கு அந்த ஒரு காலையோடு போய்விடும்.

சரி, பொதிக்கு வருவோம்.

தாள் பரவாயில்லை. 2022இல் தாள் தட்டுப்பாடு வந்த காலத்தில் பத்திரிகைத் தாளில் அச்சடித்து வந்தவற்றை நானே விற்றிருக்கிறேன். அழிறப்பர் பட்டதும் கிழியும். இது அப்படி இல்லை. ஆனால் படங்களைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. போட்டோக்கொப்பிக்காரன் கண்ணுக்கு இது தப்பாது. கோட்டின் ஓரத்தில் மணல் தூவினது மாதிரி கறுப்புப் புள்ளிகள், ஒரு பக்கம் சரிந்த சட்டம், மூலையில் யாரோ ஒருவரின் ஸ்ரேப்ளர் பின்னின் நிழல். அது கொப்பியின் கொப்பியின் கொப்பி. எங்கேயோ யாரோ ஒரு ஆசிரியர் பத்து வருசத்துக்கு முன் கையால் கீறிய படம் அது. ஊர் ஊராகச் சுற்றி, கறுத்துப்போய், கடைசியில் இந்தப் பைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. "நிழற்றப்பட்ட பகுதி மொத்தத்தில் என்ன பங்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். நிழற்றாத பகுதியும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

சிங்கள வினாக்கள் இன்னும் மோசம். சிங்கள எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் சதுரப் பெட்டிகள். அச்சடிக்கும் கொம்பியூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, யாரும் பார்க்கவுமில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் ஏற்கெனவே எட்டாக்கனி. என் மகள் அந்தப் பெட்டிகளுக்குள் ஒவ்வொரு முகம் கீறி வைத்திருந்தாள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்றுக்கு மீசை.

இனி அந்தக் கண்ணாடிக் கதை.

ஒன்பதாம் பேப்பர், இருபத்து மூன்றாம் வினா. கண்ணாடியில் பார்க்கும்போது மணிக்கூடு 4.20 காட்டுகிறது, உண்மையான நேரம் என்ன? மகள் 7.40 என்று போட்டிருந்தாள். விடைப் புத்தகத்தில் 8.40. நான் சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லை அப்பா, பதினொன்று அறுபதிலயிருந்து கழிக்கிறது. ரீச்சர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவ."

"புத்தகத்தில எட்டு நாப்பது எண்டு கிடக்கு."

"புத்தகம் பிழை."

ஒன்பது வயதுப் பிள்ளை அச்சடித்த புத்தகத்தைப் பிழை என்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. அவளுடைய தாய் ஒன்றும் பேசாமல் சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றினா. முள்ளைத் திருப்பி 7.40இல் வைத்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தா. உள்ளே 4.20. பிறகு 8.40இல் வைத்துப் பிடித்தா. உள்ளே 3.20. சின்னவன் ஓடிவந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினான். அன்றிரவு எங்கள் வீட்டு மணிக்கூடு எல்லா நேரத்தையும் காட்டியது. மறுநாள் காலை சரியான நேரத்துக்கு வைக்க மறந்துபோய் நான் கடையைப் பிந்தித் திறந்தேன்.

அதற்குப் பிறகு விடைப் புத்தகத்தை நம்பவில்லை. இரவு கடை பூட்டியதும் அவளும் நானுமாக இருந்து பார்த்தோம். 50 பேப்பரிலும் 31 விடைகள் பிழை. அச்சுப் பிழை சில. கணக்கே தெரியாமல் போட்டவை சில. அது போக, ஒரு பேப்பரில் முழு விடைப் பட்டியலும் அடுத்த பேப்பருடையது. பதிப்பகத்துக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, அடுத்த பதிப்பில திருத்துவம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

என் வீட்டில் கேட்க ஆள் இருந்தது. வாங்கிக்கொண்டு போன மற்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும்? வயலுக்கும் கூலிக்கும் போய்வந்த தகப்பன் விடைப் புத்தகத்தைப் பார்த்துச் சரியான விடைக்குப் பிழை போட்டிருப்பார். பிள்ளை பேசாமல் தனக்குத் தெரிந்ததை அழித்துவிட்டுத் தெரியாததை எழுதியிருக்கும். இது என் மனதை இன்னும் அரிக்கிறது. அந்த வருசம் நான் 60 பொதிக்கு மேல் விற்றிருந்தேன்.

கஷ்டத்தின் அளவு இன்னொரு விசயம். உண்மையான பரீட்சைத் தாளை இந்தப் பொதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொதி கூடுதல் கஷ்டம். தரம் 6, 7 கணக்குகளைக்கூடச் சத்தமில்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருநாள் பார்சல் கொண்டுவந்த தம்பியிடம் கேட்டேன். "லேசாப் போட்டா சனம் வாங்காது அண்ணை, பிள்ளை அழுதாத்தான் பேப்பர் தரம் எண்டு நினைக்கும்" என்றான். அவன் சொன்னது வியாபார உண்மை. என் கடையிலேயே கண்டிருக்கிறேன். இரண்டு பொதியைக் கையில் எடுத்து, எது கஷ்டம் என்று கேட்டு அதை வாங்குகிற தாய்மார் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் பேப்பரில் மகளுக்கு 96. பதினாலில் 91. பதினேழைக் காணவே இல்லை. எங்கே என்று கேட்டால் செய்துவிட்டேன் என்றாள். இரண்டு கிழமை கழித்து நெல் மூட்டை பிரிக்கும்போது உள்ளே இருந்து வந்தது, நாலாக மடித்தபடி. பக்கம் முழுக்க அழித்த தடம். 82 என்று தானே திருத்திப் போட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, பிறகு மூட்டைக்குள் புதைத்திருக்கிறாள். அன்றோடு பொதியைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டேன்.

மாற்றாக என்ன செய்தோம்? கடந்தகால வினாத்தாள்கள். பரீட்சைத் திணைக்களத்தின் அசல் தாள்கள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. என் கடையில் பிரிண்ட் எடுத்தால் ஒரு வருசத் தாள், இரண்டு பகுதியும், 200 ரூபாவைத் தாண்டாது. படம் தெளிவு. மொழி சுத்தம். வினாக்களின் நடையே வேறு: ஒரு சின்னக் கதையைச் சொல்லி, அதற்குள் கணக்கை ஒளித்து வைத்திருப்பார்கள். பிள்ளை வாசித்து விளங்கினால் பாதி வேலை முடிந்தது. பொதி எழுதுகிறவர்களுக்கு அந்த வாசிப்புப் பகுதிதான் கைவரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது தந்திரக் கணக்கு மட்டும். பத்து வருசத் தாளை ஆறுதலாக, கிழமைக்கு ஒன்றாகச் செய்தாள். புள்ளி ஏறியது. அதைவிட, பேப்பரை ஒளிக்கிறது நின்றது.

இந்தப் பரீட்சைப் பாணியிலேயே புள்ளி போடுவதானால், கடந்தகால வினாத்தாளுக்கு 200க்கு 180. பொதிக்கு 70. எழுபது எடுத்தால் சித்தி என்று சான்றிதழ் கொடுப்பார்கள், ஆனால் அதை வைத்து ஒரு இடமும் போக முடியாது. பொதியும் அப்படித்தான்.

கருத்தரங்குகளைப் பற்றிக் கொஞ்சம். ஒரு மண்டபத்துக்குள் 300 பிள்ளைகள், ஒரு மைக், வெளியூரில் இருந்து வந்த ஒரு சேர், மதியம் சோற்றுப் பார்சல். ஒருமுறை அனுப்பினேன். என்ன படித்தாய் என்று கேட்டேன். "பின்னுக்கு இருந்த பெடியன் சத்தி எடுத்தவன்" என்றாள். பரீட்சைக்குச் சில நாளுக்கு முன் இப்படியான வகுப்புகள் எல்லாவற்றையும் திணைக்களம் தடை செய்துவிடும். அந்தத் தடை வருகிற நாளில் பிள்ளைகளின் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி நாட்களில் நாங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பேனை, பென்சில் எல்லாம் வைத்துக் கும்பிட்டு வந்தோம். அதற்குப் புள்ளி போட நான் ஆள் இல்லை.

அப்புறம் பையின் பின்பக்கம். "பிரபல பாடசாலை அனுமதி நிச்சயம்!" என்று போட்டிருக்கிறது. பொதியின் ஆகப் பெரிய பிழை இதுதான். ஐம்பது பேப்பரில் ஒரு பக்கத்திலாவது அனுமதி எப்படி நடக்கிறது என்று எழுதியிருந்தால் நான் 3,500ஐயும் நியாயம் என்று சொல்லியிருப்பேன். அதை அவர்கள் சொல்லவில்லை. பெறுபேறு வந்த பிறகு என் கடைக்கு விண்ணப்பம் நிரப்ப வந்த தாய்தகப்பன்மாருக்கு நான்தான் சொன்னேன், திரும்பத் திரும்ப, தொண்டை கட்டும்வரை. இங்கேயும் சொல்கிறேன்.

வெட்டுப்புள்ளி இரண்டு உண்டு. ஒன்று மாவட்டத்துக்கு, மொழிமூலத்துக்கு ஏற்பப் போடுவது. அது காசுக்கு. அதைத் தாண்டி, குடும்ப வருமானமும் குறைவாக இருந்தால் மாதாமாதம் உதவிப்பணம். 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். மற்றது பாடசாலைக்கான வெட்டுப்புள்ளி. அது கதிரைக்கு. எந்தப் பாடசாலையில் ஆறாம் தரத்தில் எத்தனை இடம், எத்தனை பேர் கேட்கிறார்கள், அவர்களில் கடைசியாக உள்ளே போன பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வேம்படி மகளிர் பாடசாலையில் இடம் கிடைக்கும் என்று இல்லை. தாண்டாத பிள்ளைக்கு ஒரு நல்ல பாடசாலையிலும் இடம் இல்லை என்றும் இல்லை. இந்த இரண்டாவது வசனத்தைக் கேட்டதும் அழுத தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஒரு கிழமையாகப் பிள்ளையோடு கதைக்காமல் இருந்துவிட்டு வந்தவர்கள்.

எங்கள் இடத்தில் இன்னொரு கூத்து. விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம். இதே வீதியில் பரந்தன் பக்கம் கொஞ்சம் போனால் தருமபுரம், அது கிளிநொச்சி மாவட்டம். ஒரே வீதி, ஒரே பஸ், ஒரே பொதி, கலியாணம் செய்வதும் ஒருவருக்கொருவர்தான். ஆனால் வெட்டுப்புள்ளி மாவட்டப் பட்டியலில் வேறு வேறு வரி. என் கடையில் இரண்டு சகோதரிகள், பிள்ளைகளின் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி இந்தப் பக்கம், மற்றவ அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவ. போனில் ஒருவர் வரியை மற்றவர் மாறி வாசித்து ஐந்து நிமிடம் சந்தோசமும் ஐந்து நிமிடம் சண்டையும் நடந்தது.

பெயரைப் பார்க்காமல் பாடசாலையின் வகையைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். வகை 3 என்றால் பெரும்பாலும் ஐந்தாம் தரத்தோடு முடியும். பிள்ளை எப்படியும் வேறு பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும். வகை 2 சாதாரண தரம் வரை. 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும். 1ஏபி என்றால் விஞ்ஞானமும் உண்டு. உங்கள் வீட்டுக்குக் கிட்ட எது 1ஏபி? அங்கே ஆறாம் தரத்துக்கு எப்படி எடுக்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் பாதிக் காய்ச்சல் இறங்கும். கிளிநொச்சி மத்திய மகா வித்தியாலயம், முள்ளியவளை வித்தியானந்தா, புதுக்குடியிருப்பு மத்திய கல்லூரி என்று வன்னிக்குள்ளேயே பெயர்கள் இருக்கின்றன. 1940களில் கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் மத்திய பாடசாலைகளைக் கட்டி, புலமைப்பரிசிலையும் கொண்டுவந்தது கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு வழி திறக்கத்தான். இன்றைக்கு அந்த வழியில் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

முதலாம் தரத்து அனுமதி இதற்கு நேர் எதிர். அங்கே பிள்ளையை ஒன்றும் கேட்க மாட்டார்கள், வீட்டைக் கேட்பார்கள். 50 வீதம் கிட்ட இருப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கிறவர்களின் சகோதரங்களுக்கு, மீதி உத்தியோகத்தர்களுக்கும் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கும். வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சார பில் என்று கட்டுக்கட்டாகக் கொப்பி எடுப்பார்கள். எனக்கு நல்ல வியாபாரம். ஆனால் 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வந்த சனத்திடம் என்ன உறுதி இருக்கும்? ஈரம் பட்டு நாலாகக் கிழிந்த ஒரு காணிப் பெர்மிட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். கண்ணாடியில் மெதுவாகப் பொருத்தி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்துக் கொடுப்பேன். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

லண்டனில் இருக்கும் என் மச்சாள் நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, "இஞ்சயும் அதுதான்" என்று லெவன் பிளஸ் என்கிற அந்த நாட்டு அனுமதிப் பரீட்சைப் பேப்பர் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினா. பார்த்தால் எங்கள் நுண்ணறிவு வினாத்தாளின் தங்கச்சி மாதிரி இருக்கிறது: உருவங்கள், எண்கோலங்கள், சொல் விளையாட்டு. இங்கிலாந்தில் இப்படிப் பரீட்சை வைத்து எடுக்கிற அரச கிராமர் பள்ளிகள் 163தானாம், மற்ற அரச பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. ஒரு விசயம் எனக்குப் பிடித்தது. அங்கே பல இடங்களில் பிள்ளையின் வயதை மாதக் கணக்கில் பார்த்துப் புள்ளியைச் சரிசெய்கிறார்கள். வகுப்பில் ஆக இளைய பிள்ளை ஏறக்குறைய ஒரு வருசம் மூத்த பிள்ளையோடு போட்டி போடுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். எங்கள் 200 புள்ளியில் அந்தக் கணக்கு இல்லை. என் மகள் பிறந்தது ஜனவரி 29. மூன்று நாள் பிந்தி, பெப்ரவரியில் பிறந்திருந்தால் முதலாம் தரத்துக்கே ஒரு வருசம் பிந்திப் போய், இன்னும் ஒரு வருசம் வளர்ந்துதான் எழுதியிருப்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை. மச்சாளிடம் சொன்னேன். "இஞ்ச ஒரு மணித்தியால ரியூசன் காசில நீ பத்துப் பொதி வாங்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா.

2024 செப்டெம்பர் 15 பரீட்சை. முடிந்து மூச்சு விடுவதற்குள் முதலாம் வினாத்தாளில் 3 வினாக்கள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன என்ற கதை வந்தது. போட்டோக்கொப்பிக் கடைக்காரனுக்கு அந்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. கடைக்கு வந்த ஒவ்வொருவரும் என் மெசினை ஒருமாதிரிப் பார்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், டிசெம்பர் 31இல் தீர்ப்பு வந்தது: அந்த மூன்று வினாவுக்கும் எல்லோருக்கும் புள்ளி. மூன்றையும் வியர்த்து வியர்த்துச் செய்தவளுக்கும், தொடாமல் விட்டவனுக்கும் ஒரே புள்ளி. மகள் அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்ப நான் அந்த நேரத்தில வேற கணக்குச் செய்திருக்கலாமே?" என்னிடம் பதில் இல்லை.

முடிவு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. அன்று கடை திருவிழா. சுட்டெண்ணை எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், இணையத்தளம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. முந்தின நாள் ஒருவர் கடனுக்கு றீலோட் போட்டுக்கொண்டு போன ஞாபகம், நல்லவேளையாக அவர் வந்து தன் போனில் இருந்து இணைப்புத் தந்தார். என் மகளின் சுட்டெண்ணைக் கடைசியாகத்தான் அடித்தேன். புள்ளியை இங்கே எழுத மாட்டேன், அவள் எழுத வேண்டாம் என்றாள். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு நாலு குறைவு. அந்த இலக்கத்தை மட்டும் எழுத அனுமதி தந்திருக்கிறாள்.

அதே வரிசையில் நின்ற ஒரு கடற்றொழிலாளியின் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கேட்கக்கூடிய புள்ளி. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அந்த மனுசன் பேசாமல் நின்றுவிட்டு, கடை வெறித்த பிறகு வந்து கேட்டார். "தம்பி, விடுதியில விட்டா மாதம் எவ்வளவு வரும்?" இருவருமாக ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். விடுதி, பஸ், சப்பாத்து, பாவாடை, ரியூசன். கூட்டிவிட்டு அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இரண்டு நாள் கழித்து வந்து முல்லைத்தீவுக்குள்ளேயே ஒரு பாடசாலையை முதல் விருப்பமாகப் போடச் சொன்னார். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் நாடு தழுவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில் என்று யாரோ அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். "இஞ்சயிருந்து படிச்சா இஞ்சத்த கணக்கிலதானே போவாள்" என்றார். அவர் போட்ட கணக்கு சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் விடைப் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை.

என் மகளுக்கு? விருப்ப வரிசையில் நாங்கள் போட்டவற்றில் ஒரு 1ஏபி பாடசாலை கூப்பிட்டது. அதற்கு முன் நகரத்தில் ஒரு பெரிய இடத்துக்கும் முயன்று பார்த்தோம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்க்க முதல், பழைய மாணவர் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். 1996இல், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருசம், கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே இருந்து படித்தோம் என்று சொன்னேன். அந்த மரத்துக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இப்போது காலை பஸ்ஸில் போய்வருகிறாள். சந்தோசமாகத்தான் இருக்கிறாள். சிங்கள ரீச்சர் நல்லவவாம்.

2026 பரீட்சைக்கான பொதி போன கிழமை வந்து இறங்கியது. பிரித்ததும் முதலில் ஒன்பதாம் பேப்பரைத்தான் எடுத்தேன். இருபத்து மூன்றாம் வினா அப்படியே இருக்கிறது. விடை 8.40. விலை மட்டும் 3,900.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் கடைக்குள் இருந்து சிவப்புப் பேனையோடு விடைப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். இருபத்தாறு பேப்பர் முடிந்துவிட்டது. அவள் கண்டுபிடிக்கிறவற்றை ஒரு தாளில் தட்டச்சு செய்து ஒவ்வொரு பைக்குள்ளும் வைக்கிறேன், இரண்டு வெட்டுப்புள்ளியின் விளக்கத்தையும் பின்பக்கத்தில் அடித்து. ஏற்கெனவே வாங்கியவர்கள் வந்தால் அந்தத் தாளை மட்டும் தருவேன். கடை காலை எட்டுக்குத் திறக்கும்.